பெல்ட்டில் எண்ணெய் படக் கூடாது

— "அப்பா கையில ஏன் கரியே இல்ல?" லிஜி கேட்டா. நெனவு இருக்கா ஒங்களுக்கு?

— எப்பம் கேட்டா?

— போன லீவுக்கு நீங்க வந்தப்பம். ஏர்போர்ட்டுல இருந்து வாற வழியில. அப்பம் அவளுக்கு அஞ்சு வயசு. ஒர்க்‌ஷாப்பு இஸ்ரவேலுக்க நகத்துல எல்லாம் கரி இருக்கு, மெக்கானிக்கு அப்பா கை மட்டும் வெள்ளையா சுருங்கிக் கெடக்கேன்னு கேட்டா.

— அதுக்குதான் அப்பமே சொன்னேனே, இங்க கையுறை போட்டுட்டுதான் வேலைன்னு. டெல்சி, ஆழ்ச்சையில ஒரு நாளுதான் எனக்கு லீவு. வெள்ளிக்கிழம மத்தியானம் ஒறங்குதவன மிஸ்டு கால் விட்டு எழுப்பி இதத்தான் கேப்பியா?

— ஒறக்கம் எங்கயும் ஓடாது. நான் இப்பம் டெல்வின் அண்ணனுக்க காருக்கு முன்னால நிக்குதேன். போன ஸ்பீக்கர்ல போட்டு பேட்டரி மேல வச்சிருக்கேன். டைமிங் பெல்ட்ட கழத்தப் போறேன்.

— என்னத்த?

— டைமிங் பெல்ட்டு.

— ஒனக்கு மண்டைக்கு வெளிவு இல்லியா? ஊரான் காருல கைய வைக்க? ஒன் அண்ணன் வந்தா செவிட்டுல அறைவான்.

— அவன்தான் வைக்கச் சொன்னான். பெல்ட்டு பழசாயிட்டு, அத்துப்போனா எஞ்சினு உள்ளயே இடிச்சு நாசமாவும்னு இஸ்ரவேலு சொன்னான். அண்ணன் புதுசு ஒண்ணு வாங்கினான். வாங்கிட்டு வந்து என் கையில தந்தான். "ஒன் மாப்பிள துபாய்ல ஃபோர்மேன்தான, போன்ல கேட்டு நீயே மாட்டு, பாப்பம்"ன்னு சொல்லிட்டு தேங்காப்பட்டணம் ஹார்பருக்குப் போயிட்டான். நாலு மணிக்கு வருவான்.

— அவனுக்கு கொழுப்பு கூடிப்போச்சு. பணம் வந்த கொழுப்பு.

— கொழுப்பு இல்ல. சந்தேகம்.

— என்ன சந்தேகம்?

— பக்கத்து வீட்டு மரியஜானுக்க மவன் துபாய்ல இருந்து லீவுக்கு வந்திருக்கான். அங்க ஏதோ ஒரு கடைக்கு கீழ காரு நிப்பாட்டுத எடத்துல ஒங்கள பாத்தானாம். கையில வாளியும் துணியுமா.

— சவத்துப்பய. அவன் குடிச்சிருப்பான்.

— அவன் குடிக்க மாட்டான். கோயில்ல பாட்டுக்கு நிக்குத பையன்.

— அப்பம் அவன் பேச்ச நம்பிட்ட நீ.

— நான் யாரு பேச்சயும் நம்பல. கேட்டியளா, சாயங்காலம் அண்ணன் ஒங்க ஷெட்டுக்கு கையெழுத்து போடணும். நீங்க ஊரோட வந்து ஒர்க்‌ஷாப்பு போடணும்னு மெயின் ரோட்டுல எடம் பிடிச்சு வச்சிருக்கான். அதுக்கு எங்க அம்மைக்க தோப்ப ஈடு வைக்கான். அவன் எங்கிட்ட கேட்டது ஒண்ணுதான். "ஒன் மாப்பிளைக்கி வேல தெரியுமா, தெரியாதா? நாலு மணிக்கு நீ சொல்லு. நீ சொன்னா நான் நம்புதேன்."

— நீ என்ன சொல்லப் போற?

— அதுக்குதான் கூப்பிட்டேன். இப்பம் சொல்லுங்க. மொதல்ல நான் என்ன செய்யணும்?

— மொதல்ல... பெல்ட்ட கழத்து.

— எடுத்த ஒடனயா?

— பின்ன? பெல்ட்ட மாத்தணும்னா பெல்ட்டத்தான கழத்தணும்.

— பேட்டரி வயர கழத்தாண்டாமா?

— அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. அதப் போயி தனியா சொல்லணுமா.

— எனக்குத் தெரியாதுல்லா. நான் மெக்கானிக்கு இல்லல்லா. நல்லவேள, காலையிலயே கழத்திட்டேன். ஃபேன் பெல்ட்டயும் எடுத்தாச்சு. கீழ உள்ள புல்லிதான் அசைய மாட்டேன்னு நின்னுது. ஸ்பானர்ல ஒரு பைப்ப சொருவி அது மேல ஏறி நின்னேன். எறங்கிட்டு. இப்பம் பிளாஸ்டிக் மூடியும் கையோட வந்துட்டு. உள்ள பல்லு வச்ச பெல்ட்டு தெரியுது.

— இவ்வளவும் தெரிஞ்சவ எதுக்கு என்ன எழுப்பின?

— மார்த்தாண்டத்துல பிரவுசிங் சென்டர்ல போயி வீடியோ பாத்தேன். ஒரு வெள்ளக்காரன் செய்யுதான். பாஷ புரியல, கை புரியுது. ரெண்டு நாளு போயி பாத்தேன். அங்க உள்ள பயலுவ என்னப் பாத்து சிரிச்சானுவ.

— அப்பம் அந்த வெள்ளக்காரனுட்டயே கேளு.

— அவன் என்னக் கெட்டல்ல. நீங்கதான் கெட்டினிய.

— வாய் நீளுது ஒனக்கு.

— வாயி கெடக்கட்டு. இதுக்குப் பதில் சொல்லுங்க. மேல ஒரு பல்லுச் சக்கரம் இருக்கு, கீழ ஒரு சின்னச் சக்கரம் இருக்கு. ரெண்டுலயும் ஒரு அடையாளம் உண்டுமாம். எங்க இருக்கும்?

— அது வண்டிக்கு வண்டி மாறும்.

— எங்க தேடணும்னாவது சொல்லலாம்ல்லா.

— இங்க எல்லாம் கம்ப்யூட்டர் டெல்சி. கம்ப்யூட்டர சொருவினா அதுவே காட்டித் தரும். நம்ம ஊரு மாதிரி தடவிப் பாக்குத வேல இல்ல.

— கம்ப்யூட்டரு கை நீட்டி பெல்ட்ட மாட்டுமா?

— நீ கழத்துட்டி. எப்பிடி மாட்டினாலும் எஞ்சினு ஓடும்போ அது தானா பிடிச்சுக்கிடும்.

— தானா பிடிச்சுக்கிடுமா?

— பிடிச்சுக்கிடும்.

— சரி. ஒங்க பேச்ச கேட்டு நாசமாவ எனக்கு மனசில்ல. லிஜிக்க நகப்பாலிஷ எடுத்து வச்சிருக்கேன். மேல சக்கரத்துல ஒரு கோடு, அதுக்கு நேரா எஞ்சின்ல ஒரு கோடு. கீழயும் அதே மாதிரி. போட்டாச்சு. இப்பம் நடுவுல பெல்ட்ட இறுக்கிப் பிடிக்க ஒரு உருளை இருக்கே, அதுக்க போல்ட்ட இளக்குதேன். இளகிட்டு. பெல்ட்டு வருது. வந்துட்டு... மாதாவே.

— என்ன? என்ன ஆச்சு?

— மேல உள்ள சக்கரம் டக்குன்னு தானா திரும்பிட்டு. நான் தொடவே இல்ல. கோடும் கோடும் இப்பம் நேரா இல்ல.

— பதறாத. ஸ்டார்ட் பண்ணு, சரியாவும்.

— பெல்ட்டு என் கையில இருக்கு. பேட்டரி வயரு தொங்குது. எத ஸ்டார்ட் பண்ண?

— நான் சொன்னது, மாட்டினதுக்கு பொறவு.

— அப்பிடிச் சொல்லல நீங்க.

— போன்ல என்னத்தட்டி காட்ட முடியும்? கண்ணால கண்டாத்தான் சொல்ல முடியும்.

— சரி, புதுப் பெல்ட்டுக்கு வருவம். கையில வச்சிருக்கேன். மாட்டுததுக்கு முன்ன இதுக்கு ஏதாம் செய்யணுமா?

— அது உண்டு. நல்லா கேட்டுக்கோ. கொஞ்சம் கிரீஸ எடுத்து உள்பக்கம் பல்லுல எல்லாம் தேயி. கிரீஸ் இல்லன்னா தேங்காண்ணெ போதும். கடக்காத்து அடிக்குத எடம். எண்ணெ தேய்க்காத சாமானம் ஒரு வருஷம் தாங்காது.

— தேங்காண்ணெயா?

— நல்லா ஊற வச்சு தேயி.

— இது நீங்க முன்ன கடலுக்குப் போன வள்ளத்து மோட்டார் இல்ல.

— எஞ்சினு எல்லாம் ஒண்ணுதான்.

— இல்ல. அந்த வீடியோவுல வெள்ளக்காரன் மொதல்ல எண்ணெக் கைய பெல்ட்டுக்கு மேல காட்டி, கூடாது கூடாதுன்னு வெரல ஆட்டினான். பொறவு கைய சோப்பு போட்டு கழுவி, துணியால தொடச்சு, அதுக்குப் பொறவுதான் தொட்டான். நான் நேரா இஸ்ரவேலுட்ட போயி ஏன்னு கேட்டேன். எண்ணெ பட்டா ரப்பரு ஊறிப்போவும், பல்லு பொழிஞ்சு உதுந்து போவும்னான். டைமிங் பெல்ட்ட கையால தொட்ட யாருக்கும் இது தெரியுமாம். கேட்டியளா? தொட்ட யாருக்கும்.

— அப்பம் நீ கேக்க கூப்பிடல. என்ன கூண்டுல ஏத்த கூப்பிட்டிருக்க.

— ஆமா. மூணு நாளா எனக்கு ஒறக்கம் இல்ல. காரு கழுவுதது பாவமா? வெயில்ல நின்னு கழுவி அனுப்பின காசுலதான் இந்த வீடு நிக்குதுன்னா அத நான் நெஞ்ச நிமுத்திச் சொல்லுவேன். பொய்தான் பாவம். ஒங்க அம்மை கோயில் நடையில நின்னு ஃபோர்மேன் ஃபோர்மேன்னு சொல்லுதத கேட்டு நானும் தலைய ஆட்டிட்டு நின்னிருக்கேனே. எங்க அம்மை தோப்பு போவப் போவுதே, அப்பமாவது வாயத் தொறந்தியளா?

— நான் தோப்பக் கேட்டனா? ஒன் அண்ணன் தானாட்டுதான் வந்தான்.

— வேண்டாம்னு சொன்னியளா?

— எப்பிடிட்டி சொல்ல? என்ன காரணம் சொல்ல?

— உண்மைய.

— பெரிய உண்மைக்காரி.

— ஆமா, உண்மைக்காரிதான். நான் யாரையும் ஏய்ச்சதில்ல. ஏய்ச்சது நீங்க. அது மட்டுமா? பள்ளிக்கூடத்துல கிளார்க்கு வேலைக்கு ஃபாதர் என்னக் கூப்பிட்டாரு. வீடு தேடி வந்து கூப்பிட்டாரு. நீங்க போன்ல கெடந்து விடமாட்டேன் விடமாட்டேன்னு குதிச்சிய. பெஞ்சாதிய வீட்டுக்குள்ள பூட்டி வைக்குதவன்னு ஊரு பூரா ஒங்கள ஏசுச்சு. அப்பமும் விடல்ல. அந்த வேல இருந்தா ஒங்க வாளிக் காச நம்பி நான் நிக்காண்டாம்.

— டெல்சி, போதும்.

— போதாது. எனக்கு அது இன்னும் ஆறல. என்ன நம்பி ஒருத்தரு குடுத்த ஒரே வேல. அத ஒங்க மீசைக்கு வேண்டி தட்டிவிட்டிய.

— சர்ட்டிபிகேட் கேப்பாவட்டி.

— என்ன?

— கிளார்க்கு வேலைன்னா பிளஸ் டூ சர்ட்டிபிகேட் கேப்பாவ. என்னத்தக் கொண்டு காட்டியிருப்ப? பிளஸ் டூ பாஸ்னு சொல்லித்தான ஒங்க வீட்டுல ஒன்ன எனக்குக் கெட்டித் தந்தாவ. எங்க அம்மை அதயும் கோயில் நடையிலதான் சொல்லிட்டு நடந்தா. படிச்ச மருமவளாக்கும்னு. நீ கணக்குல தோத்தது எனக்கு கல்யாணம் கழிஞ்ச மறு ஆழ்ச்சையே தெரியும். ஒன் பள்ளிக்கூடத்துல பியூனா நின்னவன் என்கூட வள்ளத்துல வந்தவன். ஃபாதர் கூப்பிட்டாருன்னு நீ சந்தோசமா சொன்ன. சர்ட்டிபிகேட் நெனப்பே ஒனக்கு வரல. நாலு பேரு முன்ன நீ தலகுனிஞ்சு நிக்கப் போறன்னு எனக்குத் தெரிஞ்சுது. நான் விடமாட்டேன்னு சொன்னா, பேரு கெடுதது எனக்குதான. கெட்டுட்டுப் போவட்டுன்னு விட்டேன். இன்னைக்கி கூட சொல்லியிருக்க மாட்டேன். நீ பொய்தான் பாவம்னு சொன்ன பாரு, அதுதான் தாங்கல. டெல்சி, லைன்ல இருக்கியா? கட் பண்ணிட்டியா?

— இருக்கேன்.

— கோவத்துல வந்துட்டு. விட்டுரு. ஒன் அண்ணன் வந்தா உள்ளத சொல்லிரு. மரியஜான் மவன் சொன்னதுதான் சரின்னு சொல்லிரு. தோப்பு போவாண்டாம்.

— மணி என்ன ஆவுது ஒங்களுக்கு?

— ஒண்ணே முக்கால்.

— அப்பம் இங்க மூணேகால். நேரம் உண்டு. எழும்பி ஒழுங்கா உக்காருங்க.

— எதுக்கு?

— நான் ஒவ்வொண்ணா சொல்லிட்டே செய்யுதேன். நீங்க கேட்டுட்டு, திரும்ப எனக்குச் சொல்லணும்.

— எனக்கு என்னத்தட்டி தெரியும்...

— கேளுங்கன்னா கேளுங்க. மொதல்ல கைய சோப்பு போட்டு கழுவிட்டு வாறேன்... வந்துட்டேன். மேல சக்கரம் திரும்பிட்டுல்லா. அதுக்க நடு போல்ட்டுல ஸ்பானர வச்சு, பைய, பைய, நகப்பாலிஷ் கோட்டுக்கு நேரா கொண்டு வாறேன். வந்துட்டு. என்ன செஞ்சேன்?

— மேல சக்கரத்த கோட்டுக்கு நேரா வச்ச.

— கீழ?

— கீழயும் கோட்டுக்கு நேரா இருக்கான்னு பாக்கணும்.

— இருக்கு. பாத்துட்டேன். ரெண்டும் நேரா நிக்கும்போதான் பெல்ட்டு ஏறணும். ஒரு பல்லு மாறினாலும் உள்ள பிஸ்டனும் வால்வும் ஒண்ண ஒண்ணு இடிக்கும். தானா பிடிச்சுக்கிடாது. இது மறக்கப்பிடாது.

— மறக்க மாட்டேன்.

— பெல்ட்ட கீழ சக்கரத்துல மொதல்ல மாட்டுதேன். உருளை இல்லாத பக்கம் தொங்கப்பிடாது, விறைப்பா இருக்கணும். அப்பிடியே மேல சக்கரத்துல ஏத்துதேன். ஏறிட்டு. இப்பம் உருளைய விட்டா அது தானா வந்து பெல்ட்ட அமுக்கும். திரும்பச் சொல்லுங்க.

— கீழ மொதல்ல. உருளை இல்லாத பக்கம் விறைப்பா. பொறவு மேல. கடைசியில உருளை.

— கொள்ளாம். இப்பம் கையாலயே எஞ்சின ரெண்டு சுத்து சுத்திப் பாக்கணும். சாவி போடதுக்கு முன்ன. கீழ போல்ட்டுல ஸ்பானர் போட்டு சுத்துதேன்... ஏசுவே.

— என்ன?

— முட்டுது. சுத்த மாட்டேங்குது. இடிச்சுட்டோ? நான் பல்லு மாத்திட்டனோ?

— நிறுத்து. பலம் போடாத. கைய எடு.

— அண்ணன் வண்டிய நான் கொன்னுட்டேன்.

— டெல்சி, நான் கேக்கதுக்கு பதில் சொல்லு. கல்லுல முட்டின மாதிரி டக்குன்னு நிக்குதா, தலையணைய அமுக்கின மாதிரி பைய திருப்பித் தள்ளுதா?

— இருங்க... தலையணை மாதிரி. விட்டா திருப்பித் தள்ளுது.

— அப்பம் அது காத்து. உள்ள அடைபட்ட காத்து. வள்ளத்து மோட்டாரும் இப்பிடித்தான் கையில முட்டும். பிளக்க எல்லாம் கழத்து. காத்து அது வழியா போயிரும், லேசா சுத்தும்.

— நெசமாவா?

— இது எனக்குத் தெரிஞ்சதுட்டி. இருட்டுல, நடுக்கடல்ல வச்சு பிளக்கு கழத்தினவன் நான். எந்த வயரு எந்தப் பிளக்குக்குன்னு மட்டும் பாத்து வச்சுக்கோ.

— கழத்தியாச்சு. சுத்துதேன்... போவுது. லேசா போவுது. ஒரு சுத்து. ரெண்டு சுத்து.

— கோடு?

— கோடு ரெண்டும் நேரா வந்து நிக்குது. மேலயும் கீழயும்.

— உருளைக்க போல்ட்ட இறுக்கினியா?

— இப்பம் இறுக்குதேன். இத நீங்களாட்டுதான் கேட்டிய, நான் சொல்லல.

— இளக்கினத இறுக்கணும்ல்லா.

— ஆமா. பிளக்கு, மூடி, கீழ புல்லி, ஃபேன் பெல்ட்டு, கடைசியில பேட்டரி வயரு. கழத்தினதுக்கு நேரெதிரா மாட்டணும். லைன்லயே இருங்க.

— இருக்கேன்.

— ஒங்க போன் கார்டுல காசு தீருமா?

— தீந்தா கீழ கடையில போயி வேற போடுதேன். நீ பதறாம செய்யி.

— ...எல்லாம் மாட்டியாச்சு. சாவி போடப் போறேன். மாதாவ வேண்டிக்கிடுங்க.

— வேண்டிட்டேன். போடு.

— கேக்குதா?

— கேக்குது. இடிக்குத சத்தம் ஒண்ணும் இல்லியே? தடதடன்னு?

— இல்ல. ஒழுங்கா ஓடுது. நிப்பாட்டுதேன். அண்ணன் கேட்ட தொறந்து வாறான். நீங்க போன வைக்காதீங்க.

— ஏட்டி, வண்டி ஓடின சத்தம் ரோட்டு வர கேக்குதே. யாரு மாட்டினா? இஸ்ரவேலு வந்தானா?

— நான்தான் மாட்டினேன் அண்ணா. இவிய போன்ல கடைசி வர கூடவே இருந்தாவ. பாதியில முட்டி நின்னுச்சு. நான் பயந்து கைய விட்டுட்டேன். இவியதான் அது காத்துன்னு கண்டுபிடிச்சு பிளக்க கழத்தச் சொன்னாவ.

— அப்பிடியா? பெல்ட்டுல எண்ணெ கொஞ்சம் தொட்டு வச்சியா மக்கா? கடக்காத்துல பிடிச்சிரும்.

— படக் கூடாது மச்சான். எண்ணெ பட்டா ரப்பரு ஊறும், பல்லு பொழிஞ்சிரும். கை கழுவிட்டுதான் தொடணும்.

— மாப்ள லைன்ல இருக்கானா. சரி மாப்ள, ஒனக்குத் தெரியும். டெல்சி, மரியஜான் மவன் சொன்னதுக்கு என்ன சொல்லுத? நீ சொன்னா முடிஞ்சுது.

— அவன் ஒரு நாளு பாத்தத சொல்லுதான் அண்ணா. நான் இவியளுக்கு பத்து வருஷமா பெஞ்சாதி.

— அப்பம் கையெழுத்து போடவா?

— வேண்டாம். அம்மைக்க தோப்பத் தொடாண்டாம். இவிய வந்து கொஞ்ச நாளு இஸ்ரவேலு கடையில நிக்கட்டு. நம்ம ஊரு வண்டி கைக்குப் பழகட்டு. பொறவு சொந்தக் காசுல, முடிஞ்ச அளவுல ஒரு ஷெட்டு போட்டா போதும்.

— துபாய்க்காரன் இஸ்ரவேலு கடையில ஸ்பானர் எடுத்துக் குடுப்பானாட்டி? மாப்ள, இவ சொல்லுதது கேக்குதா?

— கேக்குது மச்சான். நிக்குதேன். அது எனக்கு கொறச்சல் இல்ல.

— புருஷனும் பெஞ்சாதியும் ஒண்ணா நின்னு பேசினா நான் என்ன சொல்ல. வண்டிய எடுக்குதேன். சாயா குடிக்க பொறவு வாறேன்.

— பாத்து ஓட்டுங்க அண்ணா... போயிட்டான். கேக்குதா?

— கேக்குது. பக்கத்துல யாராம் இருக்காவளா?

— யாரும் இல்ல. லிஜிக்கு பள்ளிக்கூடம் விடல. ஒங்க அம்மை செபமாலைக்குப் போயிருக்காவ.

— டெல்சி, மரியஜான் மவன் கண்டது... அந்த வாளி...

— அது எனக்குக் கேக்காண்டாம்.

— நான் சொல்லணும்.

— சொல்லாண்டாம். அடுத்த வெள்ளிக்கிழம இதே நேரம் கூப்பிடுங்க. பிரேக்கு எப்பிடி மாத்துததுன்னு நீங்க எனக்கு சொல்லித் தரணும். வியாழக்கிழமையே போயி நான் வீடியோ பாத்துட்டு வந்துருதேன்.